இரண்டாவது பிரேக்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கட்டுமே. பத்தொன்பது வருஷமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவளுக்குக் கோபம் வேறு எங்கே இருக்கும்? சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு, "மிஸ், இதுக்கு நிக்கணுமா?" என்று கேட்கிறவர்களோடு நாள் முழுக்க ஒரே வண்டியில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்த கூத்து புரியாது. பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் என் காலடியில் இன்னொரு பிரேக். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கிறது. ஓட்டுகிறவர் மிதித்தால் என்னுடைய மிதியும் தானாகக் கீழே இறங்கும். நான் மிதித்தால் அவருடையது இறங்கும். அதனால் ஓட்டுகிறவர் பிரேக் போட்டாரா இல்லையா என்று நான் குனிந்து பார்க்க வேண்டியதே இல்லை. காலை வைத்தால் போதும், கால் சொல்லிவிடும்.

வகுப்பு முடிந்ததும் மாணவருக்கு ஓர் அட்டை நிரப்பிக் கொடுப்பேன். லைசென்ஸ் அலுவலகம் அதில் முத்திரை குத்தினால்தான் அந்த நேரம் மாணவர் ஓட்டிய நேரமாகக் கணக்கில் சேரும். ஓட்டியவர் பெயர், நேரம், நான் எத்தனை முறை பிரேக் போட்டேன், கடைசியில் ‘குறிப்பு’. அந்தக் குறிப்பில்தான் என் மனசு ஆறும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மாணவர்களைப் பத்தொன்பது வருஷமாக ஓட ஓட விரட்டிய லைசென்ஸ் தேர்வு அதிகாரி ஓய்வு பெற்றார். மத்தியான விருந்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். அந்த மனுஷன் போகிற சந்தோஷத்தில் இரண்டு கோப்பை வைன் குடித்தேன். நிஜமாகவே போகிறார், பதவி நீட்டிப்பு எதுவும் இல்லை என்று உறுதியானதும் மூன்றாவதும் குடித்தேன். என் வீட்டுக்காரர் பழச்சாறு குடித்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை சரிசெய்தவர். அவர் எதிரே வருகிற லாரியைப் பார்த்திருப்பார் என்று மட்டும் கல்யாணம் ஆன இருபத்தாறு வருஷத்தில் நான் ஒருநாளும் நம்பியதில்லை.

பள்ளியின் வண்டியில்தான் போயிருந்தோம். திரும்பும்போது அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு. வளைவு திரும்பியதும் போலீஸ் தடுப்பு. என் கால் பிரேக்குக்குப் போனது. வண்டி அழகாக நின்றது.

இளவயசுப் போலீஸ்காரர் ஒருவர் வந்து என் வீட்டுக்காரர் பக்கம் குனிந்தார். "வழக்கமான சோதனைதான் சார், போகலாம்" என்றார். அத்தோடு போயிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"ஏன் தம்பி, வளைவை ஒட்டியா தடுப்பு வைப்பாங்க? நான் மட்டும் பிரேக் போடலைன்னா உங்க தடுப்பு இந்நேரம் ஆத்துல மிதந்துட்டு இருக்கும்!"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பிரேக் போட்டீங்களா மேடம்?"

"பின்னே யாரு, இவரா? ஸ்டியரிங் இவர் கையில இருக்கும். கட்டுப்பாடு என் கால்ல இருக்கும். எப்பவுமே அப்படித்தான்!"

போலீஸ்காரர் டார்ச்சை என் காலடியில் அடித்துப் பார்த்தார். பட்டப்பகலில் டார்ச். மிதியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார். அப்புறம் நான் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு, ஊதும் கருவியை நீட்டினார். ஊதினேன். நன்றாகவே ஊதினேன்.

குடித்துவிட்டு வண்டியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது குற்றம் என்று ஒரு வாரத்தில் சம்மன் வந்தது. நிரூபணம் ஆனால் ஒரு வருஷம் வண்டி ஓட்டக் கூடாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் இந்தக் குற்றத்தில் தண்டனை வாங்கியவருக்குப் பயிற்சியாளர் உரிமம் ஆயுளுக்கும் கிடையாது. எனக்கு வேறு எதுவும் தெரியாது. வேறு எதுவும் பிடிக்கவும் பிடிக்காது. பள்ளியை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் யாரைத் திட்டுவேன்? அன்று சாயங்காலம் வண்டியைத் துடைத்துக்கொண்டே அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

முதலில் போன வக்கீல், வங்கிக்கு மேல்மாடியில் இருந்தார். நான் உட்காருவதற்குள் கோப்பை மூடிவிட்டார். "நீங்களே ஒத்துக்கிட்டிருக்கீங்க மேடம். குற்றத்தை ஒப்புக்கிட்டா தண்டனை குறையும்" என்றார்.

"உரிமம்?"

"அது போயிடும். வயசாகுதில்ல, கொஞ்சம் ஓய்வா இருங்களேன்."

அவர் வண்டியை நிறுத்தியிருந்த லட்சணத்தை வரும்போதே பார்த்திருந்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்தத் தெரியாதவர் எனக்கு ஓய்வு சொல்லித் தருகிறார். "முதல்ல உங்க வண்டியை நேரா நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

"வக்கீலே வேணாம். நானே பேசிக்கிறேன்" என்றேன் வீட்டில்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஏதாவது முக்கியமாகச் சொல்லப்போனால் அப்படித்தான் செய்வார். "நீ பேசினதாலதானே கேஸே வந்தது?" என்றார். "நாற்பத்தொண்ணுகிட்டப் போவோம்."

"அவளா! அவகிட்டயா! செத்தாலும் போக மாட்டேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுடைய அலுவலக வாசலில் நின்றேன்.

நாற்பத்தொன்று என்பது நான் வைத்த பெயர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். ஒரே வகுப்பில் நான் நாற்பத்தொரு முறை பிரேக் போட வேண்டியிருந்தது. பள்ளியின் சரித்திரத்தில் அதை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. அவளை நான் திட்டாத திட்டு இல்லை. நாலாவது தேர்வில் ஒருவழியாகப் பாஸ் ஆனாள். கும்பிடு போட்டு அனுப்பி வைத்தேன்.

அவளுடைய அறை சின்னதுதான். ஜன்னலோரத்தில் கோப்புகள், மேஜையில் இரண்டு தொலைபேசி. கறுப்புக் கோட்டு நாற்காலியில் தொங்கியது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். "வாங்க மிஸ்!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வக்கீலை ‘நீ’ என்பதா, ‘நீங்க’ என்பதா? "நீ... நீங்க... சௌக்கியமாடி?" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாராம்.

"‘டி’யே போதும் மிஸ். மரியாதை குடுத்தீங்கன்னா பயமா இருக்கு" என்றாள் அவள். "உக்காருங்க. முதல் விதி: நான் கேட்டதுக்கு மட்டும் பதில். நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. சாவியைக்கூட."

அது என்னுடைய வசனம். முதல் நாள் ஒவ்வொரு மாணவரிடமும் நான் சொல்வது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் போலீஸ் அறிக்கையை இரண்டு முறை படித்தாள். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: "மிஸ், தடுப்பைப் பார்த்ததும் பிரேக்ல கால் வெச்சீங்க. அப்ப உங்க மிதி மேல இருந்ததா, கீழ இருந்ததா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"ஞாபகம் இல்ல."

"உங்க காலுக்கா?" என்று கேட்டுவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "சார், ரெண்டு நிமிஷம் வெளியில இருக்கீங்களா? கீழ காபி நல்லா இருக்கும்."

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "இப்ப சொல்லுங்க."

"கீழ இருந்தது" என்றேன்.

"முழுசா?"

"முழுசா. அவர் எனக்கு முன்னாடியே போட்டுட்டார். நான் வெச்சப்ப அங்க மிதிக்க ஒண்ணுமே மிச்சம் இல்ல." சொல்லும்போதே முகம் சூடானது. "எப்பவுமே அப்படித்தான். இந்த வண்டி வந்த நாள்ல இருந்து."

"பின்னே ஏன் போலீஸ்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

என்ன சொல்வது? வைன் என்று சொல்லலாம். ஆனால் வைன் குடிக்காத நாளிலும் அதையேதான் சொல்லியிருப்பேன். "வாய்க்கொழுப்பு" என்றேன். "வேற ஒண்ணும் இல்லடி. சுத்தமான வாய்க்கொழுப்பு."

அவள் மேஜையில் ஓங்கித் தட்டினாள். நான் திடுக்கிட்டுப் போனேன். "அப்படின்னா கேஸ் இருக்கு மிஸ்! வண்டியை ஓட்டினதும் சார், நிறுத்தினதும் சார். ஏற்கெனவே இறங்கின மிதி மேல காலை வெச்சா அது கட்டுப்பாடு இல்ல, கால் வைக்கிற பலகை. ஆனா நீங்க இதைக் கோர்ட்டுல சொல்லணும். உங்க வாயால. சார் முன்னாடி."

"எழுதிக் குடுத்தா போதாதா?"

"மிஸ்."

"இல்ல, சும்மா கேட்டேன்."

எழுந்து வரும்போது வாசலில் நின்றேன். மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்ததைக் கேட்டுவிட்டேன். "நான் உன்னை அவ்வளவு திட்டினேனே. எனக்காக எதுக்கு இவ்வளவு?"

"மூணு டிரைவிங் ஸ்கூல்ல என்னைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க மிஸ். இனிமே வராதேன்னுட்டாங்க. நீங்களும் திட்டினீங்க. ஆனா மறுநாள் காலையில ஆறு மணிக்கு வண்டியோட எங்க வீட்டு வாசல்ல நின்னீங்க." பிறகு சிரித்தாள். "சும்மா நிக்கல, ஹாரன் அடிச்சு தெருவையே எழுப்பினீங்க."

வழக்கு நாள் வந்தது. நீதிமன்ற அறை பள்ளிக்கூட வகுப்பு அளவுக்குத்தான் இருந்தது. நீதிபதி என் வயசு அம்மாள். ஒருமுறை கண்ணாடி வழியாகவும் ஒருமுறை கண்ணாடிக்கு மேலாகவும் என்னைப் பார்த்தார். என் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்து, "இது கரையற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தாள் நாற்பத்தொன்று.

போலீஸ்காரர் என் வார்த்தைகளை அப்படியே வாசித்தார். "ஸ்டியரிங் இவர் கையில இருக்கும், கட்டுப்பாடு என் கால்ல இருக்கும்." பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அடுத்து என் வீட்டுக்காரர் கூண்டில் ஏறினார். அவருக்கு நல்ல சட்டை எடுத்து வைத்திருந்தேன். அதைப் போடாமல் கடைக்குப் போடும் சட்டையிலேயே வந்திருந்தார்.

"வண்டியை நிறுத்தியது யார்?" என்று கேட்டாள் நாற்பத்தொன்று.

"நான்தான்."

"அதை ஏன் போலீஸிடம் சொல்லவில்லை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவ பேசி முடிச்சுட்டாம்மா. அதுக்கப்புறம் நான் சொன்னா, இவ சொன்னது பொய்னு ஆயிடும். நாலு பேர் முன்னாடி எப்படிச் சொல்றது?"

மிட்டாய் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். கணவர் மனைவியைக் காப்பாற்றப் பேசுகிறார், அது இயல்புதான் என்றார். மிதி ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது என்பதுதான் எங்கள் வாதம் என்று அவருக்கு முன்பே தெரியும். அதுவும் போக, மூன்று கோப்பை குடித்த ஒருவருக்கு மிதி மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நாற்பத்தொன்று தன் கோப்பிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்தாள். மஞ்சள் நிறம், ஒரு மூலையில் லைசென்ஸ் அலுவலக முத்திரை. எனக்குப் பகீரென்றது. அது என் கையெழுத்து.

"கனம் நீதிபதி அவர்களே, இது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய பயிற்சி அட்டை. ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் இருப்பது என் பெயர்." அவள் தொண்டையைச் செருமினாள். "ஆசிரியர் பிரேக் போட்டது: நாற்பத்தொரு முறை."

நீதிபதி நிமிர்ந்தார். "எத்தனை?"

"நாற்பத்தொன்று. ஒரு மணி நேரத்தில்."

அறை முழுக்கச் சிரிப்பு. அவள் காது சிவந்துபோனது, ஆனால் குரல் நடுங்கவில்லை. "கீழே இன்னொரு வரி இருக்கிறது. ‘மாணவி ஏற்கெனவே மிதித்திருந்ததால் கணக்கில் சேர்க்காதது: ஆறு முறை.’ அதாவது, காலை வைத்ததும் மிதி மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்று இவர் ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகக் குறித்திருக்கிறார். பக்கத்தில் நான் அலறிக்கொண்டிருந்தபோதும். இன்னொன்று, நாற்பத்தொரு முறை ஆசிரியர் பிரேக் போட்ட இந்த ஒரு மணி நேரத்தையும் நான் ஓட்டியதாகவே அலுவலகம் முத்திரை குத்தியிருக்கிறது. இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தவர்தான் ஓட்டுநர் என்றால், என் லைசென்ஸ் செல்லாது."

"என்னுடையதும் செல்லாது" என்றார் நீதிபதி. "குறிப்பு என்று ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன?"

"அது வழக்குக்குத் தேவையில்லை, அம்மா."

"படியுங்கள்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "‘இன்று ஒரு பூனை, ஒரு தபால்காரர், ஒரு சுவர் உயிர் தப்பினார்கள். இந்தப் பெண் வாயால் பிழைப்பாள். ஸ்டியரிங்கால் பிழைக்க மாட்டாள்.’"

அரசு வழக்கறிஞரே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். போலீஸ்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். ஊரறியத் தன் மானத்தை எடுத்து எனக்காக மேஜையில் வைத்துவிட்டு நின்றாளே அந்தப் பெண், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பிறகு என் முறை. கூண்டில் ஏறினேன். மிட்டாய் கரைந்திருந்தது.

"மிதி எங்கே இருந்தது?" என்று கேட்டாள் நாற்பத்தொன்று.

முன்வரிசையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் வைத்திருந்தார். ஸ்டியரிங் பிடிப்பதுபோல் ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் நடுவில் சரியான இடைவெளி விட்டு.

"கீழ இருந்தது" என்றேன். "அவர் எனக்கு முன்னாடியே தடுப்பைப் பார்த்துட்டார். எனக்கு முன்னாடியே பிரேக் போட்டுட்டார். நான் போலீஸ்கிட்டச் சொன்னது பெருமைக்கு. அவர் நல்லா ஓட்டுவார். எப்பவுமே நல்லாத்தான் ஓட்டுவார். என்கிட்டக் கத்துக்கிட்ட அத்தனை பேரையும்விட நல்லா ஓட்டுவார். நான்தான் ஒருநாளும் சொன்னதில்ல."

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் என்பது விதி. அதை மீறிவிட்டேன். நாற்பத்தொன்று என்னைத் தடுக்கவில்லை.

நீதிபதி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியை ஓட்டியதும் நிறுத்தியதும் கணவர்தான், குற்றம் நிரூபணமாகவில்லை என்றார். "பிரேக்கில் வைக்கிற கவனத்தைப் பேச்சிலும் வையுங்கள்" என்று எனக்கு ஒரு கொட்டும் வைத்தார். வாங்கிக்கொண்டேன். நியாயமான கொட்டு. உரிமம் பிழைத்தது. வராந்தாவில் நாற்பத்தொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என் ராசாத்தி!" என்று கத்தினேன். காவலாளி வந்து சத்தம் போடக் கூடாது என்றார். அவர் கையையும் பிடித்துக் குலுக்கினேன்.

மூவரும் பள்ளி வண்டியிலேயே கிளம்பினோம். நாற்பத்தொன்று பின்னால் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைச் சரிசெய்தார், சிக்னல் போட்டார், வண்டியை எடுத்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். "என்ன, கால் வலிக்குதா?"

"ரோட்டைப் பாருங்க."

முதல் சந்திப்பில் ஒரு வேன் குறுக்கே வந்தது. என் முழங்கால் துள்ளியது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டி பூப்போல நின்றது, பூப்போலக் கிளம்பியது. இரண்டாவது சந்திப்பு, பள்ளிக்கூட வளைவு, பாலம். பாலத்தில் போலீஸ் தடுப்பு இல்லை. இருந்திருந்தால் இறங்கிப்போய் இனிப்பு கொடுத்திருப்பேன்.

டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து புது அட்டை ஒன்றை எடுத்தேன். ஓட்டியவர் என்ற இடத்தில் ‘என் வீட்டுக்காரர்’ என்று எழுதினேன். ஆசிரியர் பிரேக் போட்டது: சுழியம். அந்த இடத்தில் நான் சுழியம் எழுதுவது அதுதான் முதல் தடவை. வட்டம் கொஞ்சம் கோணலாக வந்தது.

குறிப்பு என்ற இடத்தில் பேனா நின்றது. திட்டுவதற்குத்தான் என்னிடம் வார்த்தைகள் கொட்டிக் கிடக்கின்றன. வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு வரி எழுதினேன்.

"என்ன எழுதின?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல."

பின்னாலிருந்து ஒரு தலை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது. "நான் வேணா படிக்கட்டுமா மிஸ்? இப்ப எனக்குச் சத்தமா படிக்கிற பழக்கம் வந்துடுச்சு."

"அடியே, வாயை மூடு!"

மூடுவாளா? நான்தான் எழுதி வைத்திருக்கிறேனே, வாயால் பிழைப்பாள் என்று. "‘இவரோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம்’" என்று படித்துவிட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போன கையை மறுபடி ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். ஓட்டும்போது மூக்குக்கண்ணாடியைத் தொடக் கூடாது, நல்ல ஓட்டுநருக்கு அது தெரியும். எங்கள் தெரு வந்தது, வீடும் வந்தது. அவர் நிறுத்தவில்லை. தெருமுனையில் சிக்னல் போட்டுத் திருப்பி, இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினார். நானும் காலை இறக்கவில்லை.